புல்லிலையும் அந்துப்பூச்சியும்

புல்லின் இலை மிக மெல்லியது. அதன் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே ஓருயிர் குடிபுகுந்து உண்டு வளரக்கூடும் என்றால் நம்புவார் சிலரே. ஆயினும் அங்ஙனம் வாழும் அந்துப்பூச்சிகள் பல உள. அவற்றுள் ஒரு பேரினத்திற்கு 'எலாக்கிஸ்டா' என்பது பெயர். 'மிகச் சிறியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. இதன் புழு புல்லிலையைச் சுரங்கமெனக் குடைந்து, உள்ளிருக்கும் பசிய பகுதியை மட்டும் உண்ணும். இரு தோல்களும் சிதையாது நிற்றலின், புறத்தே ஒரு வெளிறிய கோடே தோன்றும்.

நிற்க. நெல்லும் புல்லினமே என்பர் தாவர நூலார். யாழ்முரிப் பதிகத்தாற் புகழ்பெற்ற தருமபுரத்தை உள்ளிட்ட காரைக்கால் வட்டாரத்தில் நெல்லே தலையாய பயிர். காவிரிப் படுகையில் அந்நெல்லின் இலையைக் கெடுக்கும் அந்துப்பூச்சியின் புழுவை இலைச்சுருட்டுப் புழு என்பர். இதற்கு 1854-இல் அறிவியற்பெயர் இட்டவர் கெனே என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர். அந்நாளிற் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது.

இப்புழு இலையைக் குடைவதன்று. இலையின் இரு விளிம்புகளையும் தன் வாய்நூலாற் பிணைத்துக் குழலாக்கி, அதனுள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டும். சுரண்டிய இடம் வெண்கோடாய்க் காயும். நெல்லிலையை மெய்யாகவே குடைவது முள்வண்டின் புழு. ஆதலின், வெண்மை கண்ட மாத்திரத்தே தீர்ப்புக் கூறாது, இலை சுருண்டுளதா என நோக்குதல் வேண்டும்.

இனி, வெண்கோடு கண்டவுடனே நஞ்சு தெளித்தல் தக்கதோ எனின், அன்று. இளம்பயிர் இழந்த இலைக்கு ஈடாகப் புதிய இலை விடும். கதிருக்கு உணவூட்டும் கண்ணாடி இலை கெடுங்காலத்தே விளைவு பெரிதும் குறையும். முந்தித் தெளித்த நஞ்சோ, பூச்சியைத் தின்னும் சிலந்தியையும், அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவியையும் மாய்த்துவிடும். இக்கருத்தை உட்கொண்டே, வியத்நாமின் மேகாங் கழிமுகத்தில் 1994-இல், விதைத்த முதல் 40 நாட்களில் இலையுண்ணும் பூச்சிகளுக்கு மருந்து தெளியாதீர் என உழவர்க்கு அறிவுறுத்தினர்.

நம் உழவர் செய்யத்தக்கவை எளியன. தழைச்சத்தை மிகுதியாக இடாது பகுத்திடுக. மிகுந்த தழைச்சத்து இப்புழுவைப் பெருக்கும். வரப்பிற் புல் மண்டவிடாது களைக. கயிற்றைப் பயிர்மேல் இழுத்துச் சுருளைக் குலைக்க.

மெல்லிலைக்குள் நிகழ்வதை அறியாதான் பகையோடு துணையையும் கொல்வான். அறிந்தானோ பொருளையும் நிலத்தையும் ஒருங்கே காப்பான். நுண்ணுயிர்களைக் கற்றலின் பயன் இதுவே.