சாரணர் படையும் நம் பிள்ளைகளும்

பள்ளியில் சாரணர் படையில் சேர்வதற்கான படிவத்தைப் பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவரும் நாளில், நம் சமணக் குடும்பங்களில் ஒரு தயக்கம் எழுவதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். முகாமில் பொழுது சாய்வதற்குள் உணவு கிடைக்குமா, வடிகட்டிய நீர் உண்டா, இரவில் நெருப்பு மூட்டி ஆடிப் பாடுவார்களாமே, கடவுள் பெயரால் உறுதிமொழி சொல்லச் செய்வார்களாமே என்றெல்லாம் தாய்மார் வினவுவர். இவை பொருளற்ற வினாக்கள் அல்ல. எனினும் படையொன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதை உள்ளவாறு அறிந்துகொண்டால் இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு விடை எளிதிற் புலப்படும். ஆதலின் அதனையே முதற்கண் விளக்க முற்படுகிறோம்.

இவ்வியக்கத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரௌன்சி என்னும் சிறு தீவில் பேடன் பவல் பிரபு சிறுவர் சிலரைக் கொண்டு நடத்திய முகாமே இதன் தொடக்கம். இந்திய மண்ணில் 1909இல் இது கால்கொண்டபோது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அக்குறையைப் போக்க 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கென ஒரு சாரணர் சங்கம் கண்டார். வடநாட்டில் மதன் மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதியின் சார்பில் மற்றொன்றை வளர்த்தனர். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள் சாரணர் சங்கங்கள் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் தோன்றியது. சாரணியர் அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அதிற் கலந்தனர்.

இளஞ்சிறுவர் குருளையர் என்றும், சிறுமியர் நீலப்பறவையர் என்றும் பெயர் பெறுவர். பத்து வயதை அடைந்தபின் சாரணராகவும் சாரணியராகவும், அதற்கும் மூத்தோர் திரிசாரணராகவும் திரிசாரணியராகவும் விளங்குவர். பள்ளியைச் சாராத திறந்தநிலைப் படைகளும் உண்டு. இச்செய்தி நம்மவருள் பலருக்குத் தெரிவதில்லை. பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

படையின் உயிர்நாடி அணிமுறையே. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. சாரணர் அணிகள் விலங்கு, பறவைகளின் பெயராலும், சாரணியர் அணிகள் மலர்களின் பெயராலும் வழங்கும். அணிக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர். பண்டங்களைக் காப்பவர், கணக்கு எழுதுபவர், நிகழ்ச்சிக் குறிப்பேடு எழுதுபவர், முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாளர் என எஞ்சியோர்க்கும் ஆளுக்கொரு பணி. வேலையில்லாத பிள்ளை என்று ஓர் அணியில் எவரும் இருத்தல் ஆகாது. முடிச்சுகளையும் வழிக்குறிகளையும் கட்டுப்போடுதலையும் அணித்தலைவரே தம் அணியினர்க்குக் கற்பிப்பார். ஆசிரியர் தலைவர்க்குக் கற்பிப்பதோடு நின்றுவிட வேண்டும். இதுவே பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கும் கடினமாகத் தோன்றுவது. வகுப்பறையில் நாற்பது பேரையும் நம் குரலாலேயே நடத்திப் பழகிய நமக்கு, பன்னிரண்டு வயதுப் பெண் தடுமாறித் தடுமாறி முடிச்சிடக் கற்பிப்பதைக் கைகட்டிப் பார்த்திருப்பது எளிதன்று. ஆயினும் அவ்வாறு பொறுத்திருக்கும் படையே வளர்கிறது. ஆசிரியரே எல்லாம் செய்யும் படை, அவர் மாற்றலாகிச் சென்ற மறு திங்களே கலைந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

படை பெரிதாயிருப்பதிலும் பெருமையில்லை. ஒவ்வொரு சிறுவனின் இயல்பையும் அறிந்து வளர்க்கத் தம்மால் பதினாறு பேர் வரையே இயலும் என்றும், பிறர் தம்மினும் இருமடங்கு வல்லவர் எனக் கொண்டு 32 என வகுத்ததாகவும் பேடன் பவல் குறிப்பிட்டுள்ளார். அந்த நகைச்சுவையின் உட்பொருளை நம் பள்ளி நிருவாகிகள் உணர்வாராக!

வாரக் கூட்டம் ஒன்றரை மணி அளவில் நடைபெறும். குதிரை லாட வடிவில் நின்று கொடியேற்றம், பிரார்த்தனை, உடையும் நகமும் பார்த்தல், ஒரு விளையாட்டு, பயிற்சி, அணிகள் தனித்தனியே கூடிப் பேசுதல், மீண்டும் கொடியிறக்கம். இதனினும் இன்றியமையாதது கோர்ட் ஆஃப் ஆனர் எனப்படும் அணித்தலைவர் அவை. அடுத்த முகாம் எங்கே, எந்தச் சேவைக்குச் செல்வது, சந்தாப் பணத்தை எவ்வாறு செலவிடுவது, ஒழுங்கு தவறியவரை என் செய்வது ஆகிய யாவற்றையும் அவ்வவை முடிவு செய்யும். ஆசிரியர் அங்கு ஆலோசனையாளராக அமர்வார். ஆபத்து விளையுமெனின் தடுப்பார். மற்றபடி பிள்ளைகளின் முடிவே முடிவு.

இனி உறுதிமொழி. சில மாதங்கள் பயின்று பிரவேஷ் நிலையை முடித்த பிள்ளை, கடவுளுக்கும் நாட்டிற்கும் தன் கடமையைச் செய்யவும், பிறர்க்கு உதவவும், சாரணர் விதிப்படி ஒழுகவும் தன்னால் இயன்றதனைத்தும் செய்வதாகத் தன் மானத்தின் மீது உறுதி கூறும். உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் ஒருவர் உளர் என்பது நமக்கு உடன்பாடன்று. அவரவர் வினையே அவரவர்க்குப் பயன் தருவது என்பதும், வினை வென்ற ஜினரை நாம் வணங்குவது அவர்தம் குணங்களை எய்துதற்பொருட்டே என்பதும் பாடசாலையில் நம் பிள்ளைகள் கற்ற பாடம். அங்ஙனமாயின் இவ்வுறுதிமொழியை அவர்கள் மனமொப்பிச் சொல்வது எவ்வாறு? இயக்கத்தின் விதிகளே இதற்கு வழி வகுத்துள்ளன. விரும்புவோர் 'கடவுள்' என்னும் சொல்லுக்கு மாற்றாகத் 'தர்மம்' என்னும் சொல்லைக் கூறலாம் என்பது உறுதிமொழியோடேயே சேர்க்கப்பட்டுள்ள குறிப்பு. இதனை நம் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பிள்ளைகட்கும் சொல்லித்தர வேண்டும். விழா மேடையில் ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது உறுதிமொழியாகாது. முன்னதாகவே பிள்ளை தானே ஆசிரியரிடம் சென்று, "நான் தர்மம் என்று சொல்ல விரும்புகிறேன், அம்மா" எனக் கேட்பதே முறை. அங்ஙனம் கேட்ட பிள்ளை அச்சொல்லை மறவாது.

சாரணர் விதிகள் ஒன்பது. நம்பத்தகுந்தவராதல், எல்லோர்க்கும் நண்பராதல், துணிவுடைமை முதலியவற்றை இங்கு விரிக்க வேண்டா. விலங்குகளிடம் நட்பும் இயற்கையிடம் அன்பும் கொள்ளல் என்னும் ஐந்தாம் விதியும், சிக்கனம் என்னும் எட்டாம் விதியும், எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் தூய்மை என்னும் ஒன்பதாம் விதியும் நம் வீடுகளில் கேட்டுப் பழகியவை போல் ஒலிக்கும். ஆயினும் இரண்டும் ஒன்றே என்று கூறிவிடுதல் பொருந்தாது. சாரணர் விதி நற்குடிமகனை நோக்கியது. அணுவிரதமோ வினை நீக்கத்தை நோக்கியது. சிக்கனம் பணத்தைச் சேமிக்கச் சொல்லும். பரிக்கிரகப் பரிமாணம் சேமிப்பிற்கே எல்லை வகுக்கும். இவ்வேறுபாட்டையும் பிள்ளைகட்கு உணர்த்தினாலன்றிப் பாடசாலைப் பாடம் வெறும் நன்னடத்தைப் பாடமாகச் சுருங்கிவிடும்.

முகாமைப் பற்றியே தாய்மார்க்குக் கவலை மிகுதி. முகாமில் உணவுப் பட்டியலை வகுப்பதும், பண்டங்களை வாங்குவதும், சமைப்பதும் அந்தந்த அணியே. எனவே பட்டியல் எழுதும் நாளில் நம் பிள்ளை வாய்திறந்து பேசினால் உருளைக்கிழங்கிற்கும் வெங்காயத்திற்கும் மாற்றாகப் பூசணியோ வாழைக்காயோ அவரையோ இடம்பெறும். பேசாதிருந்துவிட்டு முகாமில் வெறுஞ்சோறு உண்பதால் பயனில்லை. நாம் கண்ட ஒரு முகாமில், ஓர் அணியில் நம் சமூகத்துப் பெண்கள் இருவர் இருந்தனர். அவர்தம் தாயார் பகலுணவு குறித்து ஆசிரியைக்குக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். ஆசிரியை அக்கடிதத்தை மடித்து மூத்தவளிடமே தந்து, "உன் அணியில் நீயே சொல்" என்றார். அவள் நாணத்தோடு எழுந்து, இருள் கவிந்தபின் உண்ணின் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும், ஆகவே தாங்கள் உண்பதில்லை என்று மட்டும் கூறினாள். சமணரல்லாத அணித்தலைவி அதனை அவையில் வைத்தாள். மார்கழித் திங்களாதலால் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஐந்தரை மணிக்குள் உண்டு முடிப்பதென அவை முடிவு செய்தது. முகாம் முழுதும் அவ்வாறே உண்டது. பாத்திரங்கள் வெளிச்சத்திலேயே கழுவப்பட்டன. விளக்கைச் சுற்றி மொய்க்கும் பூச்சிகளுக்கிடையே சோறு பரிமாறும் தொல்லையும் ஒழிந்தது. தாய் பார்க்கும்போது விரதம் காப்பது ஒன்று. நூறு பேர் நடுவில், தாய் அருகில்லாதபோது, காரணம் சொல்லிக் காப்பது வேறொன்று. இவ்விரண்டாவதற்கு வீட்டில் வாய்ப்பில்லை.

நீர் பற்றி ஒரு சொல். தடித்த துணியை இரண்டாக மடித்து வடிகட்டித் துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது நம் மரபு. இதனை அணியினர் அனைவர்க்கும் நம் பிள்ளை செய்து காட்டலாம். ஆயினும் துணி நோய்க்கிருமிகளைத் தடுக்காது. கொதிக்கவைத்தலும் கட்டாயம் வேண்டும். முகாம் தீயைப் பொறுத்தவரை, புல்லற்ற வெற்றிடத்தைத் தேர்தல், எறும்புப் புற்றுகளை விலக்குதல், உதிர்ந்து காய்ந்த விறகையும் தட்டிப் பார்த்தபின் அடுக்குதல் ஆகியவை இயலும். நடுவில் மூடிய விளக்கொன்றை வைத்தும் பாட்டும் நாடகமும் நடத்தலாம். குழி தோண்டுதலும் சமைத்தலும் இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சையின்பாற்படும். வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையையே இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். ஆகவே மரக்கிளையை வீணே ஒடித்தலையும் தவளையைக் கல்லெறிந்து துன்புறுத்தலையும் நம் பிள்ளை தடுக்கும். அங்கு ஐந்தாம் விதி அதற்குத் துணை நிற்கும்.

பணத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். சாரண ஆசிரியர்க்கு ஊதியம் இல்லை. படை ஆண்டுதோறும் சங்கத்தில் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும். மற்றச் செலவுகள் பிள்ளைகளின் சிறு சந்தாவிலும் அவர்கள் உழைத்து ஈட்டும் தொகையிலும் நடக்கும். செல்வர் ஒருவர் கூடாரம் முதல் கொடிக்கம்பம் வரை வாங்கித் தருவது தானமென்றே தோன்றும். ஆனால் தாமே சேர்த்து வாங்கிய கயிற்றைத்தான் பிள்ளைகள் ஈரம் உலர்த்திச் சுருட்டி வைப்பர் என்பது நாம் கண்டறிந்த உண்மை.

திறந்தநிலைப் படையைப் பற்றி மேலே கூறினோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களிலும் சென்னையிலும் நம் குடும்பங்கள் செறிந்து வாழும் இடங்களில், பாடசாலையை ஒட்டி இத்தகைய படையொன்றைத் தொடங்க இயலும். மாவட்டச் சங்கத்தை அணுகி, அடிப்படைப் பயிற்சி முடிக்க ஆடவர் ஒருவரும் பெண்டிர் ஒருவரும் முன்வர வேண்டும். சாரணியர்க்குப் பெண் பொறுப்பாளர் இன்றியமையாதவர். ஈரணிகட்குப் போதிய பிள்ளைகள் கிடைத்தால் தொடங்கிவிடலாம். நம் பிள்ளைகள் மட்டுமன்றித் தெருவிலுள்ள பிற பிள்ளைகளும் சேர்வதே சிறப்பு. மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவிலும் பொன்னூர் மலைக்கு யாத்திரிகர் திரண்டு வரும் நாள்களிலும் குடிநீர் வழங்கவும், முதியோரைக் கைப்பிடித்துப் படியேற்றவும், தவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்கவும் பயிற்சி பெற்ற கைகள் தேவைப்படுகின்றன. அடுத்த விழாவிற்கு இன்னும் திங்கள் சில உள்ளன. ஓர் அணி முதலுதவியும் கயிறு கட்டி வரிசை அமைத்தலும் கற்றுத் தேற அக்காலம் போதும்.