தோடை மரம் ஏன் மஞ்சளித்தது?

உக்குவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் உம்மும்மா நட்ட தோடை மரமொன்று நின்றது. சென்ற வருடம் அதன் ஒரு கிளையில் மட்டும் இலைகள் மஞ்சளித்தன. பசளை இட்டும் பயனில்லை. பழங்கள் சிறுத்துக் கோணலாயின. காம்புப்பக்கம் பழுத்தாலும் அடிப்பக்கம் பச்சையாகவே இருந்தது.

"மரத்துக்கு வயசு போயிட்டு மகள்" என்றார் உம்மும்மா. வயது ஒரு கிளைக்கு மட்டுமா வரும்?

விவசாயப் போதனாசிரியர் ஓர் இலையை விரித்துக் காட்டினார். நாகக் குறைபாடு என்றால் நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒத்திருக்கும். இதில் ஒத்திருக்கவில்லை. "பச்சையாதல் நோயாக இருக்கலாம்" என்றார். சீனர் இதனை ஹுவாங்லோங்பிங் என்பர். இலங்கையிலும் பதிவான நோய் இது. இதற்குக் காரணமான பற்றீரியாவைச் சாறுறிஞ்சும் ஒரு சிறு பூச்சி பரப்புவதை 1967இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினர்.

நாம் உயிரியலில் படித்த உரியத்தை நினைவுபடுத்துங்கள், தோழியரே. இலை தொகுக்கும் வெல்லம் நெய்யரிக்குழாய் வழியே வேருக்கும் பழத்துக்கும் செல்கிறது. இந்தப் பற்றீரியா குடியேறுவது அந்தக் குழாயினுள்தான்.

அங்கே மரம் சும்மா இருப்பதில்லை. அந்நியனை உணர்ந்ததும் தற்காப்புப் பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன. கலோசு என்னும் பல்சக்கரைட்டு நெய்யரித்தட்டின் துளைகளில் படிகிறது. ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்களும் உண்டாகின்றன.

சாதாரண இலைப்புள்ளி நோயில் இந்த உபாயம் பலிக்கும். சில கலங்கள் இறந்து, கிருமி அங்கேயே அடைபடும். ஆனால் உரியம் மரம் முழுவதும் ஓடும் பாதை. கிருமி பரவப் பரவ எதிர்ப்பும் ஓயாமல் தொடர்கிறது. பேரொட்சைட்டு மரத்தின் சொந்த உரியக் கலங்களையே கொல்கிறது. வெளியேற வழியில்லாத வெல்லம் இலையில் மாப்பொருளாகக் குவிந்து, பச்சையவுருமணிகளைச் சிதைக்கிறது. இலை மஞ்சளாகிறது, வேர் பட்டினி கிடக்கிறது. கொவிட் தொற்றில் சிலரது உடலின் மிகையான எதிர்ப்பே நுரையீரலைக் கெடுத்ததல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

2022இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் நியான் வாங் குழுவினர் இதனை விளக்கினர். ஒட்சியேற்ற எதிரிகளையோ கிபரலின் ஓமோனையோ தெளித்தபோது பேரொட்சைட்டும் கல இறப்பும் குறைந்ததை அவர்கள் கண்டனர். அதாவது, தெளித்தது கிருமியைக் கொல்லும் மருந்தல்ல. மரத்தின் மிகையான எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து.

மாப்பொருள் குவிவதை நானே பார்க்க விரும்பினேன். நலமான இலை இரவில் தன் மாப்பொருளில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். எனவே சுபஹுத் தொழுகை முடிந்ததும், வெயில் வருமுன், நோயுற்ற கிளையிலிருந்து ஓர் இலையும் பக்கத்து வளவின் நலமான தோடையிலிருந்து ஓர் இலையும் பறித்தேன். ஆய்வுகூடத்தில் ஆசிரியையின் மேற்பார்வையில், நீர்த்தொட்டியில் வைத்த அற்ககோலில் பச்சையத்தை நீக்கி, அயடீன் இட்டோம். பக்கத்து வளவு இலை மங்கலான கபிலமானது. எங்கள் இலை கருநீலமானது. இது ஓர் அறிகுறி மட்டுமே; உறுதிப்படுத்தப் பற்றீரியாவின் டீஎன்ஏயைச் சோதிக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கருநீலத்தைப் பார்த்தபோது, பசளை ஏன் உதவவில்லை என்பது எனக்கு விளங்கியது. மரத்துக்கு உணவு இல்லாமலில்லை. உணவு போக வழியில்லை.

நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த நிச்சயமான மருந்து இன்னும் இல்லை. விட்டுவைத்தால் அயல் மரங்களுக்கும் ஆபத்து. அன்று மாலை உம்மும்மாவிடம் இலைகள் இரண்டையும் காட்டி விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அடுத்த வீட்டு மரமும் போகப்படாது. வெட்டச் சொல்லுங்க" என்றார்.

உங்கள் வளவில் தோடையோ தேசியோ மஞ்சளித்தால், பசளைப் பையைத் தேடுமுன் இலையின் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதன் தளிர்களையும் கவனியுங்கள். புதுக்கன்று வாங்கும்போது நோயற்றதென உறுதிப்படுத்தப்பட்ட கன்றையே கேளுங்கள். நாங்களும் அப்படியொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதனை நடும் இடத்தை உம்மும்மா காட்டிவிட்டார்.