பத்துப் பேர் சொன்ன செலவும் கல்லூரி சொன்ன சராசரியும்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இரண்டு தொகைகள் அடிபடும். ஒன்று, கல்லூரியின் விளம்பரத் தாளில் ‘சராசரியாக ஆண்டுக்கு இவ்வளவு’ என்று அச்சிட்டிருப்பது. இன்னொன்று, அங்கே படிக்கிற பக்கத்துத் தெருப் பிள்ளை சொல்வது. இரண்டாவது பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் கல்விக் கட்டணத்துக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு வரம்பு போடுகிறது. விடுதி, மெஸ், பஸ் எல்லாம் சேர்ந்த பிறகு வருவது வேறு தொகை. அச்சிட்ட சராசரி தேறுமா என்று பார்க்கப் புள்ளியியலில் இருக்கும் கருவி, ஒரு கூறு டி சோதனை (‘கூறு’ என்றால் எல்லோரிலிருந்தும் எடுத்த மாதிரி). அதைப் பற்றிய தப்பெண்ணங்களும் சராசரிக்குக் குறையாமல் உலவுகின்றன.

நம்பிக்கை: பத்துப் பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சொல்லலாம். இந்தச் சோதனை பிறந்ததே சின்ன எண்ணிக்கைகளுக்காக. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு வாய்த்தவை பெரும்பாலும் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவீடுகள்தான். அவற்றை வைத்து எவ்வளவு துணிந்து பேசலாம் என்று கணக்கிட்டு, 1908-ல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடவில்லை. பார்லியோடு பழகியவரின் கணக்கு. நெல் விளைகிற ஊருக்கு அந்நியமில்லை.

விளங்குவதற்காக நானே எண்கள் போடுகிறேன். கல்லூரி சொல்லும் சராசரி ரூ.60,000. பத்து மாணவர்கள் சொன்னது, ஆயிரங்களில்: 58, 64, 71, 62, 55, 69, 66, 74, 60, 61. சராசரி 64. எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவான திட்டவிலக்கம் 6. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 1.9, சராசரி இவ்வளவு ஆடலாம் என்பதன் அளவு அது. வித்தியாசமான 4-ஐ இதனால் வகுத்தால் டி மதிப்பு 2.11. பெரிய கூறுகளுக்கு உரிய 1.96 என்ற எல்லையை வைத்திருந்தால், ‘கல்லூரி சொன்னது தவறு’ என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஆனால் பத்துப் பேரிடம் கிடைத்த திட்டவிலக்கமே தள்ளாடும். அதற்காகக் கோசெட்டின் வழி வந்த அட்டவணை 2.26 கேட்கிறது. 2.11 அதை எட்டவில்லை. இதே சராசரியும் விலக்கமும் நாற்பது பேரிடம் வந்திருந்தால் டி 4.2 ஆகியிருக்கும், பேச்சுக்கே இடமில்லை.

நம்பிக்கை: எட்டவில்லை என்றால் கல்லூரி சொன்னது சரி.

இதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. நம் பத்துப் பேரை வைத்து உண்மைச் சராசரிக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் ரூ.59,700 முதல் ரூ.68,300 வரை நீள்கிறது. 60,000 உள்ளே இருக்கிறது. 68,000-மும் உள்ளேதான் இருக்கிறது. பத்துப் பேரால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நிரூபணம் போதாமல் வழக்குத் தள்ளுபடியானதைக் காட்டி நற்சான்றிதழ் கேட்டால் யார் தருவார்கள்?

2.26 என்ற எல்லைக்குப் பின்னால் இருக்கும் ‘5 சதவீதம்’ என்பதையும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்லூரி உண்மை சொல்ல 5 சதவீதமே வாய்ப்பு என்று அதற்குப் பொருள் கிடையாது. கல்லூரி சொன்னது உண்மையாகவே இருந்தாலும் நூற்றில் ஐந்து தடவை நாம் வீணாகச் சந்தேகப்பட ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அட்டவணையில் இன்னொரு கதவும் உண்டு. ‘கூடுதலா, குறைவா’ என்று இரு பக்கமும் பார்க்காமல் ‘கூடுதலா’ என்று மட்டும் கேட்டால் எல்லை 1.83-க்கு இறங்கிவிடும், நம் 2.11 தாண்டிவிடும். கேட்கப் போவதற்கு முன்பே அதுதான் கேள்வி என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2.26-ல் தோற்ற பிறகு இந்தக் கதவைத் திறப்பது கள்ளாட்டம்.

நம்பிக்கை: ஒருவராவது பெருந்தொகை கொடுத்திருந்தால் நம் வழக்கு வலுக்கும்.

74 என்றவர் 174 என்று சொன்னதாக மாற்றிப் பாருங்கள். சராசரி 74,000-க்கு ஏறுகிறது. டி மதிப்போ 2.11-லிருந்து 1.25-க்கு இறங்குகிறது! ஒரே ஆள் சராசரியைத் தூக்கியதைவிட விலக்கத்தை அதிகம் ஊதிவிட்டார். எனவே முதலில் எண்களைக் கண்ணால் பாருங்கள். அவை ஒரே வகை மாணவர்களுடையவைதானா என்றும் பாருங்கள். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அவர்களையும் மற்றவர்களையும் ஒரே குவியலாகக் கொட்டினால் வருகிற சராசரி, இருவரில் ஒருவருடைய செலவும் அல்ல.

நம்பிக்கை: நிறையப் பேரைக் கேட்டுவிட்டால் தவறு வராது.

டெல்டா விவசாயியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். பயிர்க் காப்பீட்டுக்காகக் கிராமத்துக்குக் குறைந்தது 4 இடங்களில் மகசூலை அளக்க அறுவடைப் பரிசோதனை நடக்கும். எத்தனை இடம் என்பதைவிட எந்த வயல், எந்த மூலை என்றுதான் அவர் சண்டை போடுவார். அது வெறும் வீம்பல்ல. 1940-களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சிறிய அறுவடைத் துண்டுகளே போதும் என்றார், இன்னொரு புள்ளியியலாளரான பி.வி. சுகாத்மே மறுத்தார். துண்டு சிறிதாகச் சிறிதாக, எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து அறுக்கும் பழக்கத்தால் மகசூல் கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டினார். ஆயிரம் துண்டு அறுத்தாலும் அந்தக் கோணல் நிமிராது. அதே கோணல் ஆயிரம் முறை பதிவாகும். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போடுவதும், வயலைக் குலுக்கல் எண்ணால் தேர்வதும் இப்படிப்பட்ட கோணல்களைத் தவிர்க்கத்தான்.

கல்லூரியிலும் விடுதி வாசலில் நின்று நூறு பேரைக் கேட்டால், ஒரத்தநாட்டிலிருந்து பஸ் பாஸில் வந்து போகிறவர் ஒருவர்கூட அகப்படமாட்டார். வருகைப் பதிவேட்டிலிருந்து சீட்டுக் குலுக்கி இருபது பேரை எடுங்கள். விடுதியில் இருப்பவரா, வீட்டிலிருந்து வருபவரா, அரசு கட்டணம் கட்டுகிறதா என்று தொகைக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளின் ‘சராசரி’ இவர்களில் யாரைக் கணக்கில் சேர்த்தது என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பிறகு, கால்குலேட்டரை எடுக்கலாம்.