லாரியின் அடித்தகடும் மலைப்பாதையும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மாந்தோப்புகளுக்கும் கல் குவாரிகளுக்கும் செல்லும் லாரிகள் கரடுமுரடான வழிகளில் ஓட நேரிடுகின்றது. கற்கள் மோதி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியும் கியர்ப்பெட்டியும் உடையாவண்ணம், அவற்றின் அடியில் எஃகுத் தகடு பொருத்துவதுண்டு. இக்காப்பினால் விளையும் நன்மை யாவரும் அறிந்ததே. அதனால் கூடும் எடை என்ன செய்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுத் தகட்டின் எடை ஏறக்குறைய 94 கிலோகிராம். இத்தகைய தகடுகள் இரண்டும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டகமும் சேர்ந்து 200 கிலோகிராம் ஆகும் எனக் கொள்வோம். 2018ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற விதிகளின்படி, முன்னே இரண்டும் பின்னே நான்குமாக ஆறு சக்கரங்கள் கொண்ட லாரியின் மொத்த எடை பொதுவாக 18.5 டன்னுக்கு மேற்படலாகாது. ஆகவே, தகட்டின் எடையளவு சரக்கைக் குறைத்தே ஏற்றுதல் வேண்டும்.

ஏற்றத்தில் எரிபொருள்

திருப்பதி அடிவாரத்தினின்று திருமலை ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. 200 கிலோகிராமை அவ்வுயரத்திற்கு ஏற்றுவதற்கு 200 × 9.8 × 700, அதாவது 13,72,000 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3.6 கோடி ஜூல் அடங்கியுள்ளது. அதில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்திற்குப் பயன்படுவதாகக் கொண்டால், தகட்டுக்காக மட்டும் ஒவ்வொரு ஏற்றத்திலும் லிட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு டீசல் செலவாகும். ஒருமுறைக்கு இது சிறிது. நாள்தோறும் ஏறும் வண்டிக்கு ஆண்டில் சுமார் 40 லிட்டர்.

இறக்கத்தில் பிரேக்கு

திருமலையில் 1944இல் திறக்கப்பெற்ற முதல் மலைப்பாதை இறங்குவதற்கும், 1974இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெப்பமாக மாறியாக வேண்டும். எஞ்சின் தாங்காத பகுதியைப் பிரேக்குகளே ஏற்கின்றன. அவை மிகையாகச் சூடேறினால் பிடிப்புத் தளர்ந்து, வண்டி கட்டுக்கடங்காது போகும். பலமனேரிலிருந்து சித்தூர் நோக்கி இறங்கும் மொகிலி மலைப்பாதைக்கும் இது பொருந்தும். ஆதலின் இறக்கத்தின் தொடக்கத்திலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

தகடு அமையும் இடம்

தாழ்வாக அமைந்த தகடு வண்டியின் ஈர்ப்பு மையத்தைச் சிறிது கீழிறக்குகின்றது. வளைவுகளில் இது நன்மையே. எனினும் முன் அச்சுக்கும் முன்னே அமைந்தால், நெம்புகோல் விதிப்படி அவ்வச்சின்மேல் தகட்டின் எடையினும் மிகுந்த பாரம் விழுகின்றது. பின் அச்சின் பாரம் குறைகின்றது. ஸ்பிரிங்குப் பட்டைகள் தாழ, எந்தத் தரை இடைவெளியைக் காக்கத் தகடு பொருத்தப்பட்டதோ, அவ்விடைவெளியே குறைந்துவிடும்.

ஆதலின் அடிபடும் உறுப்புகளை மட்டும் மூடுதலும், காற்றோட்டத்திற்கும் எண்ணெய் வடிப்பதற்கும் துளைகள் விடுதலும், படியும் சேற்றை அகற்றுதலும் நலம். தகடு பொருத்திய பின்னர் எடைமேடையில் ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் தனித்தனியே அறிதல் வேண்டும்.

வகுப்பறைப் பயிற்சி: தகடு 4 மில்லிமீட்டர் தடிப்புடையதாயின் எடை எவ்வளவு குறையும்? ஓராண்டில் மிஞ்சும் டீசல் எவ்வளவு? மாணவர் கணக்கிடுக.