இணையச் செயலி: கருவியைத் தேர்தலும் பழுதைக் காண்டலும்

நம் சங்கங்களின் பேரேடுகள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. நூல் வழங்கல், கூலிக் கணக்கு, சேலை விற்பனை, விளைபொருள் வரவு ஆகியவற்றை எவ்விடத்திலிருந்தும் பதியவும் பார்க்கவும் உதவுவது இணையச் செயலி. இதனை ஆக்கித் தர முன்வருவோர் பலர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருவியைப் புகழ்கின்றனர். நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்போர் நெசவையும் பயிரையும் அறிந்தவர். நிரல் எழுதுதலை அறிந்தவர் அல்லர். ஆயினும் செலவாகும் பணம் சங்கத்தினுடையது. கணக்குப் பிழைத்தால் கூலி தாமதிப்பதும் அங்கத்தினருக்கே. ஆகவே இப்பொருளின் அடிப்படையை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

“எந்தக் கருவி சிறந்தது?” என்பதே பொதுவாகக் கேட்கப்படும் வினா. அதனினும் பயனுள்ள வினா ஒன்றுண்டு. பழுது நேரும் நாளில், அது எங்கே நேர்ந்தது என்று கண்டு சீர்செய்ய இயலுமா? பழுதே நேராத செயலி உலகில் இல்லை. எனவே அந்த நாளை மனத்திற்கொண்டே கருவியைத் தேர வேண்டும் என்பது இப்பாடத்தின் சாரம்.

1. செயலியின் உறுப்புகள்

இணையச் செயலிக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, நம் கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ உள்ள உலாவி. இரண்டாவது, செய்தியைக் கொண்டு செல்லும் இணையப் பாதை. மூன்றாவது, வேறோரிடத்தில் ஓயாது இயங்கும் சர்வர் என்னும் கணிப்பொறியும் அதில் உள்ள நிரலும். நான்காவது, கணக்குகள் யாவும் உறையும் தரவுத்தளம்.

கிணற்றிலிருந்து கடைமடை வரை நீர் செல்வதை நாம் அறிவோம். தரவுத்தளம் கிணறு, நிரல் நீரிறைக்கும் மோட்டார், இணையப் பாதை வாய்க்கால், உலாவி வயல். வயலில் நீர் இல்லையெனில் கிணறு வற்றிவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுவோர் உண்டோ? மோட்டார் ஓடுகிறதா, வாய்க்கால் எங்கேனும் உடைந்துள்ளதா என்றன்றோ பார்ப்போம். செயலியின் பழுதையும் அவ்வாறே காணுதல் வேண்டும்.

2. கருவியைத் தேர்தல்

உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-ஆம் ஆண்டு திட்டமிட்டார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அந்நிலையம் அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமை ஆக்கிற்று. பின்னர் வந்த முக்கியக் கருவிகள் பலவும் இவ்வழியையே பின்பற்றின. 1995-இல் வெளிவந்த பி.எச்.பி. மொழி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் தோன்றி 2005-இல் பொதுவில் விடப்பட்ட ஜாங்கோ சட்டகம், போஸ்ட்கிரெஸ், மைசீக்வெல் ஆகிய தரவுத்தளங்கள் யாவும் மூல நிரல் திறந்து வைக்கப்பட்டவை. நம் அளவிலான சங்கத்தின் வேலைக்கு இவற்றுள் எதுவும் போதுமானதே. ஆகவே பெயரைப் பற்றி வாதிடுவதைக் காட்டிலும் பின்வரும் நான்கு வினாக்களைக் கேட்பது நன்று.

(அ) இதனை அறிந்தோர் பலர் உளரா? ஆக்கித் தந்தவர் ஊர் மாறிச் சென்றால், வேறொருவர் வந்து தொடர முடிய வேண்டும். ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்த தறியைச் சங்கம் வாங்குமா?

(ஆ) இதற்கு எத்தனை ஆண்டு ஆதரவு உண்டு? ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த ஃப்ளாஷ் என்னும் கருவிக்கு 2020-ஆம் ஆண்டு இறுதியோடு ஆதரவு நின்றது. பைத்தான் மொழியின் 2-ஆம் வரிசைக்கும் அதே ஆண்டின் முதல் நாளோடு ஆதரவு முடிந்தது. அவற்றை நம்பி எழுதியவை யாவும் மாற்றி எழுதப்பட வேண்டியதாயிற்று.

(இ) பிறர் எழுதிய எத்தனை துணை நிரல்களை இது சார்ந்துள்ளது? 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம், வெறும் 11 வரிகள் கொண்ட லெஃப்ட்-பேட் என்னும் துணை நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக் கொண்டார். எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை இட்டு நிரப்புவது தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. எனினும் அதனைச் சார்ந்திருந்த உலகப் புகழ் பெற்ற நிரல்களையும் சில மணி நேரம் கட்டியெழுப்ப இயலாது போயிற்று. சார்பு குறைந்தால் பழுது நுழையும் வாயிலும் குறையும்.

(ஈ) நம் கணக்குகளை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள இயலுமா? இயலாதெனில் அது சங்கத்தின் பேரேடு ஆகாது. பிறர் பூட்டிய பெட்டியில் வைத்த பேரேடே ஆகும்.

3. முதலிலேயே சோதிக்க வேண்டிய இரண்டு

கருவி எதுவாயினும் இரண்டு பொருள்களைத் தொடக்கத்திலேயே சோதித்தறிய வேண்டும். ஒன்று பணம், மற்றொன்று தமிழ்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 என்று வருவதில்லை; 0.30000000000000004 என்று வருகிறது. இது அம்மொழிக்கு மட்டும் உரிய குறையன்று. கணிப்பொறி இரண்டின் அடிப்படையில் எண்ணுவது. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதி முடிக்க இயலாதது போலவே, பத்தில் ஒரு பங்கை அது எழுதி முடிக்க இயலாது. ஒரு கணக்கில் கண்ணுக்குத் தெரியாத இப்பிழை, நூற்றுக்கணக்கான கூலிப் பதிவுகளில் சேர்ந்தால் மொத்தத்தில் பைசா இடிக்கக்கூடும். பரிகாரம் எளிது: தொகையைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகவோ, தரவுத்தளத்தின் தசம வகையிலோ சேமிக்கச் சொல்ல வேண்டும்.

இனித் தமிழ். யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘கூட்டுறவு’ என்னும் சொல் நமக்கு 5 எழுத்து. யூனிகோடு அதனை 9 குறிகளாக எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது அது 27 பைட்டு இடம் கொள்கிறது. பெயருக்கு 30 பைட்டு போதும் என்று ஒருவர் வரையறுத்தால், நம் அங்கத்தினர் பெயர்கள் பாதியில் அறுபடும்.

தமிழ் சிதைந்து தோன்றினால் சிதைவின் உருவமே காரணத்தைக் கூறும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் பார்ப்பவரின் கருவியில் எழுத்துரு இல்லை; தகவல் நலமாக உள்ளது. பொருளற்ற அயல் எழுத்துகளாகத் தெரிந்தால் படிக்கும் முறை தவறியுள்ளது, பெரும்பாலும் மீட்டுவிடலாம். தரவுத்தளத்திலேயே வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால், சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. மூலப் படிவத்தைக் கொண்டு மீண்டும் பதிவதே வழி. எனவே செயலியை ஏற்பதற்கு முன் சங்கத்தின் மிக நீண்ட பெயரைத் தமிழில் பதிந்து, திரும்ப எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

4. பழுதைக் காணும் முறை

துணியில் குறை நெடுக்கே ஓடினால் பாவிலோ அச்சிலோ பழுது. குறுக்கே விழுந்தால் ஊடையிலோ அடிப்பிலோ பழுது. இதனை நெசவாளர் பார்த்த மாத்திரத்தில் அறிவர். செயலிக்கும் அத்தகைய அடையாளங்கள் உண்டு. திரையில் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 4-இல் தொடங்கும் எண், நாம் அனுப்பிய கோரிக்கையில் குறையுள்ளதைக் குறிக்கும். 404 எனில் கேட்ட பக்கம் அங்கில்லை. 403 எனில் கேட்பவருக்கு அனுமதியில்லை. 5-இல் தொடங்கும் எண் சர்வர்ப் பக்கத்துக் குறை. 500 எனில் பெரும்பாலும் நிரல் இடையில் முறிந்தது. 502 எனில் முன்னிற்கும் சர்வருக்கு உள்ளிருக்கும் நிரலிடமிருந்து முறையான மறுமொழி கிட்டவில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, நேர்ந்ததை நேர்ந்தவாறே எழுதுதல். “வேலை செய்யவில்லை” என்பது செய்தியாகாது. யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில், எதைப் பதிந்தார், திரையில் என்ன தோன்றிற்று என்பவை வேண்டும்.

இரண்டாவது, அதனை மறுபடி நிகழ்த்திப் பார்த்தல். எல்லோருக்கும் நேர்கிறதா, ஒருவருக்கு மட்டுமா? எல்லாப் பக்கங்களிலுமா, ஒன்றில் மட்டுமா?

மூன்றாவது, நேற்று சரியாக இருந்தது இன்று கெட்டதெனில், இடையில் மாறியது யாது என்று வினவுதல். நிரல் மாற்றப்பட்டிருக்கலாம். எவரும் எதையும் தொடாதபோது, சர்வரின் வட்டு நிரம்பியிருத்தல், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாதல், இணைய முகவரியைப் புதுப்பிக்காமை ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது, பாதியாகப் பிரித்துத் தேடுதல். வாய்க்காலின் நடுவில் நீர் ஓடுமானால் உடைப்பு அதற்குக் கீழே; ஓடாவிடில் அதற்கு மேலே. இவ்வாறு ஒவ்வொரு முறையும் பாதியை நீக்கிச் சென்றால் 1,000 இடங்களுள் ஒன்றைப் 10 சோதனையில் கண்டுவிடலாம்.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். மூன்றை ஒருங்கே மாற்றி நோய் தீர்ந்தால், தீர்த்த மருந்து எதுவென்று தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் உண்ண நேரிடும்.

5. ஓர் உதாரணம்

400 நெசவாளர் உள்ள சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலி நாளன்று கூலிப் பட்டியல் திறக்க நெடுநேரம் ஆகிறது. சில வேளை திறப்பதேயில்லை. அங்கத்தினர் வாயிலில் காத்திருக்கின்றனர். “பெரிய சர்வர் வாங்குங்கள்” என்று ஒருவர் ஆலோசனை கூறுகிறார். மாதந்தோறும் வாடகை கூடும். குழு என்ன செய்ய வேண்டும்?

முறைப்படி செல்வோம். மற்றப் பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன; ஆகவே பாதையிலும் சர்வரிலும் பெரும்பாலும் குறையில்லை. சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அந்த ஒரு பக்கத்துக்காக நிரல் தரவுத்தளத்திடம் 401 முறை கேள்வி கேட்டிருப்பது தெரிகிறது. நெசவாளர் பெயர்களைப் பெற ஒரு முறை. பின்னர் ஒவ்வொருவரின் கூலிக்கும் ஒரு முறை. பண்டகசாலைக்கு ஒரே நடையில் 400 சிட்ட நூலையும் எடுத்து வராமல், சிட்டத்துக்கொரு நடை நடப்பதற்கு இது ஒப்பாகும். இரு பட்டியல்களையும் இணைத்து ஒரே கேள்வியாகக் கேட்குமாறு நிரலைத் திருத்தி, அங்கத்தினர் எண்ணுக்கு அட்டவணைக் குறிப்பும் அமைத்தால் தாமதம் நீங்கும். பெரிய சர்வர் இக்குறையைத் தீர்த்திராது; சில மாதம் மறைத்திருக்கும்.

பதிவேடு இருந்தமையாலும் நிரலைப் பார்க்க உரிமை இருந்தமையாலுமே இது இயன்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்விரண்டும் கருவியைத் தேர்ந்த நாளில் பெற்றவை.

6. காப்பு நகல்

எம்முறையாலும் மீட்க இயலாத பழுது ஒன்றுண்டு. அது நகல் இல்லாத இழப்பு. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், நிரலாளர்களுக்கே சேவை புரியும் கிட்லேப் நிறுவனத்தில், துணைத் தரவுத்தளத்தில் நீக்க எண்ணியதைப் பொறியாளர் ஒருவர் மூலத் தரவுத்தளத்தில் நீக்கிவிட்டார். அங்கே ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட வேளையில் அவற்றுள் ஒன்றும் செவ்வனே பயன்படவில்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த படி ஒன்று கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் தகவல் மீளவில்லை. அந்நிறுவனம் இதனை மறைக்காது, நேர்ந்தவற்றை முழுவதும் வெளியிட்டமை பாராட்டுக்குரியது.

மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று கொள்ளலாகாது. நாள்தோறும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பதும், மாதம் ஒருமுறை அதனை வேறு கணிப்பொறியில் மீட்டு, பேரேட்டு மொத்தத்தோடு ஒப்பிடுவதும் வழக்கமாதல் வேண்டும்.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

இணைய முகவரியும் சர்வர்க் கணக்கும் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல். மூல நிரலின் முழுப் படியும் அதன் மாற்ற வரலாறும் சங்கத்திடம் ஒப்படைக்கப்படுதல். நிகழ்வுப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை. நகலை மீட்டுக் காட்டும் கடமை. பழுதுப் புத்தகம் ஒன்றை வைத்து, கண்டதும் காரணமும் செய்ததும் எழுதப்படுதல். இவ்வைந்தும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். இவற்றைக் கோருவதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நம் தறியை நாம் எவ்வாறு பேணுகிறோமோ, அவ்வாறே இதனையும் பேண வேண்டும் என்னும் உறுதி இருந்தால் போதும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நம் சங்கத்தின் இணைய முகவரியும் சர்வர்க் கணக்கும் இன்று யார் பெயரில் உள்ளன?

2. கடைசியாக எப்போது காப்பு நகலை மீட்டுப் பார்த்தோம்? பேரேட்டோடு ஒத்திருந்ததா?

3. சென்ற முறை செயலி நின்றபோது, காரணத்தைக் கண்டு சீர்செய்தோமா, அன்றி நிறுத்தி மறுபடி ஓடவிட்டோமா? எங்கே எழுதி வைத்துள்ளோம்?