வழுவமைதி படிக்கும் பேத்திக்கு

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் மொழியியலாளர் சாம்ஸ்கியைப் பற்றிக் கேட்டுவிட்டு, "இலக்கணம் வேறு, பொருள் வேறுதானே தாத்தா? பிறகு நன்னூலை ஏன் மனப்பாடம் செய்யணும்?" என்று எழுதியிருக்கிறாய்.

1957இல் வந்த நூலில் சாம்ஸ்கி ஒரு வாக்கியத்தைக் காட்டினார். சொற்களெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். பொருள் மட்டும் கூடிவராது. நம் இலக்கணக்காரர்கள் எதிர்க்கரையிலிருந்து பார்த்தார்கள். வடிவம் பிசகியிருக்கிறது, பொருளோ பளிச்சென்று நிற்கிறது. இதை என்ன செய்வது? பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்கலாம் என்று அமைத்துக்கொள்ளும் வழுவமைதி அதற்குத்தான். அங்கேதான் நீ நின்று படிக்க வேண்டும் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை நண்பன் வாசலிலிருந்து கூப்பிடுகிறான். இவன் இலையைவிட்டு எழவே இல்லை, "இதோ வந்துட்டேன்" என்கிறான். யாரும் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. விரைவைக் காட்ட இறந்தகாலம் இப்படி வரும் என்று தொல்காப்பியர் வினையியலில் சொல்லிவிட்டார். நன்னூல் எழுதிய பவணந்தி மேலும் காரணங்களைச் சேர்க்கிறார். அவற்றில் ஒன்று தெளிவு. எறும்பு முட்டையோடு மேடேறினால் "மழை பெய்தது" என்று சொல்லலாம் என்பது வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. இன்னும் ஒரு துளி விழவில்லை. ஆனால் பார்த்தவன் மனத்தில் ஐயம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததும் வினை இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது. ஓர் இடைநிலைக்குள் மனத்தின் உறுதி உட்கார்ந்திருக்கிறது, பார்.

பாலும் திணையும் இப்படித்தான். உன் அம்மா உன்னை "வாடா ராஜா" என்று கொஞ்சியது உவப்பு. கோபத்தில் ஒரு மனிதரை "அது வந்துச்சா?" என்று கேட்டால், கேட்கிறவர்கள் முகமே மாறிவிடும். (சில வீடுகளில் அதே 'அது' செல்லமாகவும் வரும்.) உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என ஐந்தையும் நன்னூல் சொல்கிறது. இலக்கண நூலில் சினத்துக்கும் ஓர் இடம்! மக்களை உயர்திணை என்று மொழி விடாப்பிடியாகச் சொல்வதால்தான் அந்த 'அது' சுடுகிறது. விதி இல்லாவிட்டால் விலகல் யார் காதிலும் உறைக்காது. விதியை மீறியே மனத்தைச் சொல்ல முடிகிறதே; மொழி சிந்தனையைச் சிறைவைக்கிறது என்பாரை நான் ஏற்காததும் இதனால்தான்.

ஆகவே நூற்பாவிலிருந்து தொடங்காதே. முதலில் உரையிலுள்ள எடுத்துக்காட்டைப் படி. யார், யாரிடம், என்ன மனநிலையில் அதைச் சொல்லியிருப்பார் என்று யோசி. அப்புறம் நூற்பாவுக்கு வா. மனப்பாடம் தானாக ஏறும். பேருந்திலும் விடுதியிலும் காதில் விழும் வழுவமைதிகளை ஒரு நோட்டில் குறித்து வை. சினத்தில் வருகிறவற்றைத் தனியாக எழுது, அவை எனக்கு வேண்டும். பொங்கலுக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தாத்தா