அஃபர்வட்டின் பொடிப்பனி

குல்மார்க் போய்வந்தவர்கள் பலர் பார்த்திருப்பது கொண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் நிலையத்தை ஒட்டிய மிதிபட்ட சரிவைத்தான். கற்றுக்கொள்ள நல்ல இடம் அது. ஆனால் வெளிநாடுகளிலிருந்தும் ஸ்கீயர்கள் காஷ்மீருக்கு வருவது மேலே அஃபர்வட் மலையில் விழும் பொடிப்பனிக்காக. கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கீழே பெரும்பாலும் யாரும் சமன்படுத்தாத பனிதான்.

இறுகிய பனியில் திரும்பும்போது வெளிக்காலில் எடையைப் போடச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் அந்தக் கால் மட்டும் புதைந்து ஆளைக் கவிழ்த்துவிடும். கால்களைச் சற்று நெருக்கி, இரண்டிலும் எடையைச் சமமாக வையுங்கள். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் நுனி மிதக்கும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடை எரியும், கொஞ்ச தூரத்திலேயே ஸ்கீ சொன்னபடி கேட்காது. உடல் நடுவில் நின்றால் போதும். மிதக்க வைப்பவை ஸ்கீயின் அகலமும் வேகமும்தான். பாதத்துக்கடியில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள ஸ்கீயாகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். பயந்து வேகத்தைக் குறைப்பவர்தான் அதிகம் புதைகிறார்.

விழுந்து ஸ்கீ கழன்றால் கீழே தேட வேண்டாம். பெரும்பாலும் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே, பனிக்குள் கிடக்கும். கைக்கம்பால் குறுக்கே கீறிக்கொண்டே தேடுங்கள். எழுவதற்கு இரண்டு கம்புகளையும் பெருக்கல் குறியாகப் பனிமேல் வைத்து அதில் கை ஊன்றுங்கள். வெறும் கை தோள்வரை இறங்கிவிடும்.

பனி கொட்டும் நாளில் மேலே மரமில்லாத வெளியில் மேடும் பள்ளமும் தெரியாது. அன்று கீழே மரங்களுக்கிடையே இறங்குவதுதான் சுகம். கண் மரத்தில் அல்ல, இடைவெளியில் இருக்கட்டும். ஊசியிலை மரங்களின் அடிக்கிளைகளுக்குக் கீழே ஆழமான குழி மறைந்திருக்கலாம். தலைகீழாக விழுந்தால் தனியே மீள்வது கடினம்.

பெரும்பனி பெய்த மறுநாள் இரண்டாம் கட்டம் மூடிக்கிடந்தால் ரோந்துக் குழுவினரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். புதுப்பனியைக் காற்று வாரிக் குவித்த 30 முதல் 45 பாகைச் சரிவு ஒரே ஆளின் எடைக்கே பெயர்ந்து வரக்கூடும். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் இரண்டு போலந்து ஸ்கீயர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குல்மார்க்கில் ஒரு ரஷ்யர். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. பக்கத்தில் இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவுகோல் மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். சமிக்ஞைக் கருவி ஒன்றைக் கீழேயே ஒருமுறை புதைத்துத் தேடிப் பழகுங்கள். மலையறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். தயவுசெய்து தனியாக மட்டும் இறங்காதீர்கள்.